வலை நனையாத மூன்று நாள்

அத்தியாயம் பதினான்கு

வாயில் வெற்றிலை இல்லாத பவுனம்மாளை நெட்டுக்குப்பத்தில் யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் தொண்ணூற்றிரண்டு நாளாக வெற்றிலையைத் தொடவில்லை. வெற்றிலைச் சுருக்குப்பை மட்டும் எப்போதும்போல இடுப்பில் இருந்தது.

ராயபுரம் கருவாட்டு மண்டி வெள்ளத்துரை மஞ்சக் கடுதாசி கொடுத்த அன்று எல்லையம்மன் கோயில் வாசலில் அவள் செய்த சத்தியம் அது. அந்த மனுஷன் கோர்ட்டுக் கூண்டில் ஏறி நின்று, நாலு பேர் கேட்கப் பதில் சொல்கிற நாள் வரைக்கும் தனக்கு வெற்றிலை இல்லை என்றாள்.

நம் கதையை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு அந்த ஆத்திரத்தின் ஆழம் தெரியும். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. பவுனம்மாளின் புருஷன் தாமோதரன், ரெண்டு வருஷத்துக்கு முன் ஆடி மாதம் எண்ணூர் முகத்துவாரத்தில் கட்டுமரம் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். அவனுடைய கட்டுமரம், வலை, தன் கழுத்துக் குண்டுமணி எல்லாவற்றையும் விற்ற ஆயிரத்து எண்ணூறு ரூபாயை, மகள் மங்கையின் கல்யாணத்துக்கென்று வெள்ளத்துரையிடம் வட்டிக்குக் கொடுத்து வைத்தாள் பவுனம்மாள். அவள் பேச்சை நம்பிக் குப்பத்தில் இன்னும் நாலு பெண்கள் எழுநூறு ரூபாய் கொடுத்தார்கள். வெள்ளத்துரை கையை விரித்துவிட்டார்.

மங்கைக்கு மாப்பிள்ளை அசலில் இல்லை. பவுனம்மாளின் கூடப்பிறந்த தம்பி கருணாகரன்தான். போன வாரம் அவன் ஒரு புத்தம்புது கட்டுமரத்தைக் கரையில் கொண்டுவந்து நிறுத்தியதும், காசு ஏதென்று அக்கா கேட்டபோது துறைமுகத்தில் ஒரு தோஸ்து கடன் கொடுத்தான் என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னதும் ஞாபகம் இருக்கட்டும்.

இன்று ஆனி மாதத்துப் புதன்கிழமை. வெள்ளத்துரைக்குக் கடன் கொடுத்தவர்கள் எல்லாரையும் ஐகோர்ட்டு வளாகத்தில், திவாலானவர் சொத்தைக் கையில் எடுத்துப் பங்கிடுகிற அசைனி ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

மூன்று பேரும் எண்ணூரில் காலை வண்டி ஏறினார்கள். மங்கை மடியில் கடன் பத்திரக் கட்டு; எங்களுக்கும் சேர்த்து நீயே ஓட்டுப் போடு என்று அந்த நாலு பெண்கள் எழுதிக்கொடுத்ததும் அதில் இருந்தது. கருணாகரன் கையில் சோற்றுத் தூக்கும் குடையும். திருவொற்றியூர் தாண்டுகிற வரைக்கும் அவன் வாயே திறக்கவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"யக்கா, ரூபாய்க்கு நாலணா தரேன்னு அந்தாளு சொல்றானாமே. வாங்கிக்கினு வந்துடலாம். எதுக்கு வீண் பேஜாரு?"

"நாலணாவ அவன் மூஞ்சியிலயே வீசு. எனக்குத் துட்டா வோணும்? அவன் கூண்டுல ஏறணும்டா. அன்னிக்கு என் வூட்டுக்காரரு பொணத்துக்கு மாலை எடுத்துகினு வந்தானே, 'தங்கச்சி, நான் இருக்கேன்'னு சொன்னானே, அந்த வாயால பதில் சொல்லணும்."

கருணாகரன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதை மங்கை கவனித்தாள். மாமாவுக்குப் பசி என்று நினைத்துக்கொண்டாள். கட்டிக்கொள்ளப் போகிறவன் விஷயத்தில் பெண்பிள்ளைகள் நினைப்பதெல்லாம் அவ்வளவுதான்.

ஐகோர்ட்டு வராந்தாவில் வக்கீல் குமாஸ்தா வால்டர் காத்திருந்தார். ராயபுரத்துக்காரர். சுருட்டு வாசனையும் சுருக்கப் பேச்சும் உள்ள ஆள். தனக்குத் தரவேண்டிய பீஸைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்காததால் பவுனம்மாள் அவரை அரைத் தெய்வமாக வைத்திருந்தாள். உள்ளே என்ன நடக்கும் என்பதை அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அசைனி ஐயா முதலில் கடன் கொடுத்தவர்கள் பட்டியலை வாசிப்பார். பேர் வரும்போது எழுந்து நின்றால் போதும், அழ வேண்டியதில்லை. அதன்பிறகு ரூபாய்க்கு நாலணா வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுகிற ராஜியை ஓட்டுக்கு விடுவார். தலைக்கணக்கில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டும், கடன் தொகையில் நாலில் மூன்று பங்கும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி நிறைவேறிவிட்டால் விசாரணை பேருக்குத்தான் நடக்கும். கடன் கொடுத்தவர்களே சரி என்ற பிறகு யார் கிளறப் போகிறார்கள்? வெள்ளத்துரை மறுபடி மண்டியைத் திறந்துகொண்டு உட்காருவார். தோற்றால்தான் கூண்டு, சத்தியம், குறுக்குக் கேள்வி எல்லாம்.

"மொத்தம் பத்தாயிரத்து நானூறு காட்டறான்," என்றார் வால்டர். "நிறைவேற ஏழாயிரத்து எண்ணூறு வேணும். உன் பணமும் அந்த நாலு பேர் பணமும் சேந்து ரெண்டாயிரத்து ஐந்நூறு. அதை நீ எதிர்த்துப் போட்டாலும் அவன் பக்கம் ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் நிக்குது. நூறு ரூபாயில தப்பிச்சிக்கிறான்."

பவுனம்மாளின் முகம் கறுத்தது.

"ஒண்ணு கேட்டுக்க. பட்டியல்ல எந்தக் கடன் மேலயாவது சந்தேகம் வந்தா ஓட்டுக்கு முன்னயே சொல்லிடணும். பொறவு கூவிப் பிரயோஜனம் இல்ல."

கருணாகரன் தான் உள்ளே வரவில்லை, வராந்தா பெஞ்சில் இருப்பதாகச் சொன்னான். கடன் கொடுத்தவர்கள்தானே உள்ளே போக வேண்டும் என்று ஒரு நியாயமும் சொன்னான். குடையும் தூக்கும் அவனோடு தங்கின.

உள்ளே நீள மேஜை. அதன் தலைப்பக்கத்தில் அசைனி, மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பெரிய மனிதர். கயிற்றுக் கடைக்காரர், உப்பளத்துக் குத்தகைக்காரர், சாக்குக் கடைக்காரர் என்று பதினோரு கடனுக்கு உரியவர்கள் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் நாலணாவாவது தேறினால் சரி என்று வந்தவர்கள். பிறர் பணம் போனதில் ஞானம் வரும்; தன் பணம் போனால் களைப்புத்தான் வரும்.

வெள்ளத்துரை சலவை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக எதிரில் இருந்தார். திவாலானவர் போலவா இருந்தார்? பெண் பார்க்க வந்தவர் போல இருந்தார். பவுனம்மாளைப் பார்த்து, "வாங்க தங்கச்சி," என்று சிரிக்கக்கூடச் செய்தார். அந்தச் சிரிப்பை ஒரு கல்லில் வைத்து நசுக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

பட்டியல் வாசிக்கப்பட்டது. பவுனம்மாள் பேர் வந்தது, எழுந்தாள், உட்கார்ந்தாள். கடைசிப் பேர் தவசிமுத்து. தொகை ரெண்டாயிரம்.

"இவன் யாரு தெரியுமா?" என்று வால்டர் காதில் சொன்னார். "அந்தாளு சம்சாரம் செல்லக்கனியோட கூடப்பொறந்தவன்."

மச்சினன் மச்சானுக்குக் கடன் கொடுக்கக் கூடாதென்று சட்டமில்லை. ஆனால் அசைனி நாற்பது வருஷம் திவால் பார்த்தவர். என்ன கடன், அத்தாட்சி எங்கே என்றார். தவசிமுத்து எழுந்து மனப்பாடப் பாட்டுப்போல ஒப்பித்தான். ரெண்டு வருஷத்துக்கு முன் ஆடியில் நெட்டுக்குப்பத்துக் கரையில் மூன்று நாள் சுறாவும் திருக்கையும் தன் கைப்பணம் போட்டு வாங்கினானாம். உப்புப் போட்டுக் காயவைத்து மண்டியில் கடனுக்குப் போட்டானாம். இதோ கரையில் மீன் விற்ற ஆள் பணம் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்ட மூன்று சீட்டு. இதோ மண்டிப் பேரேட்டில் வரவு.

வால்டர் பேரேட்டை இழுத்துக்கொண்டார். சீட்டுகளை மங்கையின் பக்கம் தள்ளினார். ராயபுரம் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள், தமிழ்ச் சீட்டை அவளே அம்மாவுக்குப் படித்துக் காட்டட்டும் என்றார்.

மங்கை மெதுவாகப் படித்தாள். "ஆடி ரெண்டாந்தேதி. ஆடி மூணாந்தேதி. ஆடி நாலாந்தேதி..."

அதற்குக் கீழே கையெழுத்து. ரெவினியூ ஸ்டாம்பின் மேல், பிள்ளை எழுத்தாகக் கோணல்மாணலாக, கருணாகரன் என்று இருந்தது.

மங்கையின் விரல் அந்தப் பேரின் மேல் நின்றது. அந்த எழுத்து அவள் வளர்த்த எழுத்து. போன தை மாதம், கட்டிக்கப் போறவரு கைநாட்டு வைக்கறது எனக்கு வெக்கம் என்று அவள் அடம்பிடித்து, அவன் கையைப் பிடித்துச் சிலேட்டில் எழுத வைத்த எழுத்து. ரெண்டு வருஷத்துக்கு முன் தேதியிட்ட சீட்டில் அது எப்படி வந்தது? புது மரம் எப்படி வந்ததோ அப்படித்தான் வந்தது. ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஆனால் பவுனம்மாள் காதில் விழுந்தது தேதிகள் மட்டும்தான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவள் ஏற்கனவே எழுந்து நின்றுவிட்டாள்.

மங்கை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரும்மா. வேணாம்."

மகள் கூட்டத்துக்கு வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, முந்தானையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள் தாய்.

"சாமி, இந்தக் கடன் பொய்," என்றாள். "கடல் எடுத்த ஆளு கரைக்கு வர்ற வரிக்கும் எங்க கரையில வலை நனையாது. அது எங்க கட்டு. ரெண்டு வருசம் முன்ன ஆடி ஒண்ணாந்தேதி ராத்திரி என் வூட்டுக்காரரு போனாரு. நாலாந்தேதி பொழுது சாயத்தான் பொணம் கெடைச்சிது. அந்த மூணு நாளும் எங்க மரம் எல்லாம் கடல்லதான் இருந்திச்சி. மீன் புடிக்க இல்ல, அவரத் தேடிக்கினு. இந்தாளு யார்கிட்ட சுறா வாங்கினான்னு கேளுங்க."

 வால்டர் பேரேட்டின் ஏடுகளை முன்னும் பின்னும் புரட்டி அசைனி முன் வைத்தார். அந்த ஆடி மாதம் முழுக்க நெட்டுக்குப்பத்துச் சரக்குக்கு நாள் தவறாமல் வரவு இருந்தது. இந்த மூன்று நாளில் மட்டும் ஒரே வரவு, தவசிமுத்து பேரில், வேறு மையில்.

கள்ளக் கணக்கு எழுதுகிறவனுக்குப் பழைய பேரேட்டில் வெற்றிடம் வேண்டும். வெள்ளத்துரை தேடிப் பார்த்ததில் அந்த மூன்று நாள்தான் வெறுமையாகக் கிடந்தது. தெய்வமே திறந்துவிட்ட வழி என்று எழுதிவிட்டார். அந்த ஏடு ஏன் வெறுமையாகக் கிடந்தது என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. கடலோரத்தில் முப்பது வருஷம் கருவாடு விற்றவருக்குக் கடலோரத்துத் துக்கம் எத்தனை நாள் என்று தெரியவில்லை.

"அஞ்சாந்தேதி பொணத்துக்கு மாலை எடுத்தாந்து போட்டவரு இவருதான் சாமி," என்றாள் பவுனம்மாள். "மறந்துட்டாரு."

மூன்று மாதமாகக் காத்திருந்த தித்திப்பு அவள் நாக்கில் ஊறியது. வெற்றிலை கூட அப்படி இனித்ததில்லை. எதிரி வியர்ப்பதைப் பார்ப்பது பாவம் என்பார்கள். பார்க்காதவர்கள் சொல்கிற பேச்சு அது.

வெள்ளத்துரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சிரிப்பு மறுபடி வந்திருந்தது. இப்படி ஒரு நாள் வரலாமென்றுதான் கையெழுத்துக்கு ஆள் பார்த்து எடுத்திருந்தார். தன் கையே தன் கண்ணைக் குத்தாது என்ற கணக்கு.

"ஐயா, இந்த அம்மா வாய்க்கு வந்ததைச் சொல்லுதாங்க. சீட்டுல மீன் வித்தவன் கையெழுத்துப் போட்டிருக்கான்லா? அவன் யாருன்னு அந்தப் புள்ளையையே படிக்கச் சொல்லுங்க. அதுக்குத்தான் எழுத்துத் தெரியுமே."

அசைனி மங்கையைப் பார்த்தார். "படிம்மா. யார் கையெழுத்து?"

மை கலைந்திருக்கிறது, தெரியவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சீட்டு அப்படியே நிற்கும், ரெண்டாயிரமும் நிற்கும். நூறு ரூபாயில் வெள்ளத்துரை தப்பித்து மண்டிக்குப் போவார். மாமாவும் தப்பிப்பான். தையில் தாலி ஏறும். ஏதோ ஒரு பொய்யைத் தலைக்கு வைத்துக்கொண்டு எத்தனையோ பெண்கள் குடும்பம் நடத்தவில்லையா?

ஆனால் மங்கைக்கு ஞாபகம் வந்தது வேறு. ஆடி நாலாந்தேதி பொழுது சாயும்போது அப்பாவின் உடம்பைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறியது இதே கருணாகரன்தான். அன்று அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்துத்தான் இவள் மனசு அவன் பக்கம் சாய்ந்தது. அந்த நாளையே விற்றிருக்கிறான், ஒரு மரத்துக்கு.

"கருணாகரன், நெட்டுக்குப்பம்," என்று படித்தாள்.

பவுனம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அசைனி உறவா என்று கேட்டார்.

"எங்க மாமா. என்னக் கட்டிக்கப் போறவரு." மங்கையின் குரல் நடுங்கவில்லை. அதுதான் பவுனம்மாளைப் பயமுறுத்தியது. "ஆனா சாமி, இது ரெண்டு வருசத்துச் சீட்டு இல்ல. மாமாவுக்குக் கையெழுத்துப் போட நான் சொல்லிக் குடுத்ததே இந்தத் தை மாசம்தான். அதுக்கு முன்ன கைநாட்டு. எந்தப் பத்திரத்த வோணா எடுத்துப் பாருங்க."

வெள்ளத்துரை மேஜையின் மேல் குனிந்து, பவுனம்மாளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "உன் தம்பியும்லா கம்பி எண்ணணும். யோசிச்சுக்கிடு தங்கச்சி."

பவுனம்மாள் கதவுப் பக்கம் பார்த்தாள். கதவு திறந்தே இருந்தது. வராந்தா பெஞ்சின் ஓரம் மட்டும் தெரிந்தது. அவர்கள் அம்மா செத்தபோது கருணாகரன் நாலு வயதுப் பிள்ளை. இடுப்பில் வைத்து வளர்த்தவள் இவள்தான். அவனுக்கும் வெள்ளத்துரைக்கும் நடுவில் அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. பார்த்தவர்களுக்கு அது ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

"எழுதிக்குங்க சாமி," என்றாள். "ரெண்டு பேரையும் எழுதிக்குங்க."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தவசிமுத்துவின் கடனை அசைனி பட்டியலிலிருந்து தள்ளிவைத்தார். ரெண்டாயிரம் போனதும் மொத்தம் எட்டாயிரத்து நானூறு. ராஜிக்கு ஆறாயிரத்து முந்நூறு வேண்டும். கையைத் தூக்கியவர்கள் கடன் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்தோடு நின்றுவிட்டது. ராஜி தோற்றது. அடுத்த மாதம் ஆடி நாலாந்தேதியை ஒட்டிக் கோர்ட்டு விசாரணை வரும் என்றார் வால்டர். வெள்ளத்துரை கூண்டேறுவது நிச்சயம். சீட்டில் கையெழுத்திட்டவனுக்கும் சம்மன் போகும்.

வராந்தாவில் பெஞ்சின் மேல் சோற்றுத் தூக்கு இருந்தது. குடை சாத்தி வைத்திருந்தது. கருணாகரன் இல்லை.

திரும்பும் வண்டியில் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். தூக்கை யாரும் திறக்கவில்லை. கொருக்குப்பேட்டைப் பக்கம் வண்டி நின்றபோது பவுனம்மாள் ஒன்று கேட்டாள், பேர் தெரிந்துதான் முந்தானையை இழுத்தாயா என்று. மங்கை ஆமாம் என்றாள். பிறகு ஏன் படித்தாய் என்று தாய் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வெற்றியில் பாதி மகளுக்குப் போயிருக்கும்.

நெட்டுக்குப்பத்துக் கரையில் ஏழெட்டு ஆண்கள் கூடி நின்றார்கள். புது மரம் நின்ற இடத்தில் மணலில் இழுத்த தடம் மட்டும் கிடந்தது. பணம் கொடுத்த நாலு பெண்களில் ஒருத்தியான கன்னியம்மா ஓடிவந்து சொன்னாள். கருணாகரன் ரெண்டு மணி வண்டியில் வந்தானாம். யாரிடமும் பேசாமல் மரத்தைத் தள்ளிக்கொண்டு போனானாம். இந்தத் தென்காற்றில் யாரும் மரம் இறக்கவில்லை, அவன் மட்டும் தனியாக. வலை எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்க் குடுவையும் எடுத்துக்கொள்ளவில்லை.

குப்பத்துப் பஞ்சாயத்துக்காரர் செல்வம் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். ஆள் கரைக்கு வரவில்லை என்றால் கட்டுப்படி வலையைச் சுருட்ட வேண்டும், இப்போதே தேடப் போக வேண்டும். கூடப்பிறந்தவள் வாயால் ஒரு வார்த்தை வேண்டும் என்றார்.

பவுனம்மாள் கடலைப் பார்க்கவில்லை. இடுப்புச் சுருக்குப்பையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கடல் எடுத்தவனுக்குத்தான் கட்டு," என்றாள். "இவன் வெள்ளத்துரை எடுத்தவன். நாளைக்கு வலை நனையட்டும்."

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் நகரவில்லை. மங்கை கையிலிருந்த பத்திரக் கட்டை மணலில் வைத்தாள். அம்மாவைத் தாண்டிப் போய், மரம் இருந்த வெற்று இடத்தில் நின்றாள்.

"நனையக் கூடாது," என்றாள். "மரத்த எறக்குங்க. நானும் வரேன்."